அகரச் சீமையின் கைத்தொழில்கள்



சரித்திரம் என்றவுடன் அரசர் பெயரையும் போர்க்களங்களையும் நினைப்பது நம்மவர் வழக்கமாகிவிட்டது. திண்டுக்கல் மலைக்கோட்டையைக் கட்டத் தொடங்கியவர் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் என்பதும், ஐதர் அலி 1755ஆம் ஆண்டில் இங்கே பௌஜதாராக அமர்ந்தார் என்பதும், 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இச்சீமை ஆங்கிலக் கும்பினியார் வசமாயிற்று என்பதும் பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிக்கும் செய்திகள். ஆனால், அக்கோட்டையின் அடிவாரத்திலும், வடக்கே தாடிக்கொம்பு, அகரம் முதலாகக் குடகனாற்றுப் பக்கத்து ஊர்களிலும், பரந்த செம்மண் சமவெளியிலும் வாழ்ந்த குடும்பங்கள் எத்தொழிலால் உண்டன, அத்தொழில் எங்ஙனம் வந்தது, எதனால் தேய்ந்தது என்று வினவுவோர் சிலரே. அரசர் மாறினும் அடுப்பெரிய வேண்டுமன்றோ? ஆதலின் இம்மாதம் தொழில்களின் சரித்திரத்தைச் சிறிது ஆராய எண்ணினோம்.

இவ்வாராய்ச்சிக்கு மற்றொரு காரணமும் உண்டு. பிள்ளைகளைத் தந்தையர் செய்த கைவேலையில் பழக்குவதா, மில் வேலைக்கு அனுப்புவதா, கல்லூரிக்கு அனுப்பி உத்தியோகத்திற்குக் காத்திருப்பதா என்ற கேள்வி நம் வீடுகள் பலவற்றில் இன்று எழுந்துளது. கேள்வி வீட்டுக்குரியதேயாயினும், விடை ஊரின் சரித்திரத்தில் இருக்கிறது என்பது எம் துணிபு.

நிலத்தின் இயல்பு

இச்சீமை மேற்கே பழனி மலைகளுக்கும் தெற்கே சிறுமலைக்கும் இடைப்பட்டு வடக்கு நோக்கிச் சரிந்து விரிந்தது. காவிரிப் பாய்ச்சலோ வைகைப் பாய்ச்சலோ இதற்கில்லை. மழை குறைவு; கிணறுகளே உழவனுக்குத் துணை. நெல் மிகுந்த நாட்டில் மக்கள் நிலத்தையே நம்பி அமைவர்; வானம் பொய்க்கும் நாட்டிலோ கைத்திறத்தையும் வாணிகத்தையும் துணைகொள்வர். திண்டுக்கல்லார் தொழில் வல்லவரானதற்கு நிலத்தின் வறட்சியே முதற் காரணம் என்று கூறினும் பொருந்தும்.

இரண்டாவது காரணம் வழிகள். மதுரையினின்று திருச்சிக்கும், பழனி வழியாகக் கொங்கு நாட்டிற்கும், வடக்கே கரூருக்கும் செல்லும் பாதைகள் இங்கே கூடுகின்றன. கூடுமிடத்தில் சந்தையும், சந்தையில் பட்டறையும் தோன்றுதல் இயல்பு. 1866ஆம் ஆண்டில் திண்டுக்கல் நகராட்சியாயிற்று. 1875ஆம் ஆண்டில் திருச்சியையும் மதுரையையும் இணைக்கும் இருப்புப்பாதை இவ்வூர் வழியே திறக்கப்பட்டது. 1928ஆம் ஆண்டில் பழனி வழியாகப் பொள்ளாச்சிக்கும் ரயில் ஓடிற்று. மாட்டு வண்டியில் பல நாட் பயணமாகச் சென்ற சரக்கு, ரயில் வந்தபின் விரைவில் துறைமுகம் சேர்ந்தது. அங்ஙனமே அயல்நாட்டுச் சரக்கும் விரைவில் உள்ளே வந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே நினைவிற் கொள்க. ரயில் நம் தொழில்களை வளர்த்ததும், பின்னர் வருத்தியதும் இதனாலேயே.

சுருட்டு

முதலில் புகையிலையைக் கூறுவாம். திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கத்துக் கிணற்றுத் தோட்டங்களில் விளைந்த இலை சுருட்டுக்கு மிகவும் ஏற்றது. திருச்சிச் சுருட்டு என்று சீமையிலும் பேர்பெற்ற பொருளில் இப்பக்கத்து இலை கலந்திருந்தது. பேர் திருச்சிக்கு, இலை திண்டுக்கல்லுக்கு! சென்னையில் வாணிகம் நடத்திய ஸ்பென்ஸர் கம்பெனியார் திண்டுக்கல்லிலேயே சுருட்டுச் சாலை ஒன்று நிறுவி, கப்பல் வழியாகப் பிறநாடுகளுக்கு அனுப்பினர்.

சுருட்டுத் தொழிலின் நுட்பம் இலையைப் பதப்படுத்துவதிலும் சுற்றுவதிலும் உளது. பறித்த இலையை உலர்த்தி, அட்டியாக அடுக்கிப் புழுங்கவிட்டு, சூடேறும் சமயமறிந்து பிரித்து மீண்டும் அடுக்குவர். உள்ளிலை, கட்டும் இலை, மேற்சுற்றிலை என மூன்றும் வேறுவேறு. மேற்சுற்றுக்கு ஜாவா, சுமாத்ரா தீவுகளின் மெல்லிய இலை உலகெங்கும் பேர்பெற்றிருந்தது. சுற்றுபவன் கை ஒருபுறம் அழுந்தினால் புகை இழுபடாது; தளர்ந்தால் பக்கமாய் எரியும். அளவுகோலின்றி விரல்களே அளவாக அமைந்த வேலை அது.

இத்தொழில் தேய்ந்தது எங்ஙனம்? வேறோர் ஊரார் நம்மினும் நல்ல சுருட்டுச் சுற்றினர் என்பதனால் அன்று. 1881ஆம் ஆண்டில் அமெரிக்காவில் போன்ஸாக் என்பவர் சிகரெட்டுச் சுற்றும் யந்திரத்திற்கு உரிமை பெற்றார். பலர் கையால் செய்யும் வேலையை அவ்வொரு யந்திரம் செய்தது. சிகரெட்டு மலிந்தது, மக்களின் சுவை மாறிற்று. 1910ஆம் ஆண்டில் இந்திய இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி கல்கத்தாவில் தொடங்கப்பெற்றது. சிகரெட்டுக்கு வேண்டியது வர்ஜீனியா இலை. 1920களுக்குப்பின் அதற்கேற்ற நிலமாகக் குண்டூர்ப் பக்கம் தலையெடுத்தது. பொருள் மாறவே இலை மாறிற்று. இலை மாறவே ஊர் மாறிற்று. 1948ஆம் ஆண்டில் சுருட்டுப் புகையிலைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் வேடசந்தூரில் அமைந்தது. உழவர்க்கு அதனால் நன்மை விளைந்தது. எனினும் உலகத்தார் சுவையை மீட்டுத்தர எந்த ஆராய்ச்சி நிலையத்தாலும் இயலாதன்றோ? புகையிலையால் உடலுக்கு வரும் கேட்டை வைத்தியர் நிலைநாட்டியபின், அச்சுவை குறைவதை நாமும் நன்மையென்றே கொள்ளவேண்டும். ஆயினும் அவ்வேலையை நம்பியிருந்த விரல்களுக்கு மாற்றுவேலை காட்ட அக்காலத்தில் ஒருவரும் இருந்திலர் என்பதையும் மறத்தற்கில்லை.

தோல்

அடுத்தது தோல் பதனிடும் தொழில். இவ்வறண்ட சமவெளியில் ஆடுமாடுகள் மிகுதி. தரிசிலும் சாலையோரத்திலும் பொன்னிறப் பூப்பூக்கும் ஆவாரை தானே வளர்வது. அதன் பட்டையின் துவர்ப்பே தோலைக் கெடாமற் காப்பது. தோலைச் சுண்ணாம்பு நீரிலிட்டு மயிர் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் பலநாள் ஊறவைத்து, இறுதியில் கடுக்காய்ச் சாறும் எண்ணெயும் ஊட்டி முடிப்பது பழைய முறை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் புதுச்சேரியினின்று வந்த டி சூசா என்பவர் இம்முறையைத் திருத்திப் பெருவாணிகத்திற்கு ஏற்றதாக்கினார் என்பர். அதன்பின் சென்னை மாகாணத்துப் பதனிட்ட தோல் லண்டன் சந்தையில் தனிப்பெயர் பெற்றது. இராவுத்தர் முதலிய முஸ்லிம் வணிகர் முதலீட்டாலும், பலவகுப்புத் தொழிலாளர் உழைப்பாலும் திண்டுக்கல்லில் தோல் ஷாப்புகள் பெருகின. 1914 முதல் 1918 வரை நடந்த உலக யுத்தத்தில் படைவீரர் பூட்ஸுகளுக்காகச் சர்க்காரே சென்னைத் தோலை மிகுதியாக வாங்கினர்.

இதற்கும் ஒரு புதுமை இடையே வந்தது. 1884ஆம் ஆண்டில் ஷுல்ஸ் என்ற அமெரிக்கர் குரோம் உப்பினால் தோல் பதனிடும் வழிக்கு உரிமை பெற்றார். வாரக்கணக்கில் ஆகும் வேலை நாட்கணக்கில் முடிந்தது. அதன்பின் அமெரிக்கர் நம் நாட்டுத் தோலைப் பதனிடாமலே வாங்கத் தலைப்பட்டனர். பச்சைத் தோல் கப்பலேறிற்று. பட்டைத் தொழில் தளர்ந்தது. சென்னைச் சர்க்காரின் கைத்தொழில் அதிகாரியாயிருந்த ஆல்பிரட் சாட்டர்டன் துரை 1903ஆம் ஆண்டில் குரோம் முறையைச் சென்னையில் சோதித்துக் காட்டினார். தென்னாப்பிரிக்காவின் வாட்டில் பட்டையும் ஆவாரைக்குப் போட்டியாய் வந்தது. 1948ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. 1973ஆம் ஆண்டு முதல் அரைப்பதத் தோலின் ஏற்றுமதிக்கு மத்திய சர்க்கார் வரம்பு கட்டி, முழுப்பதமாக்கி அனுப்புமாறு தூண்டினர். ஆகவே, சுருட்டைப்போல் அன்றி, தோல் தொழில் புதுமையைக் கற்றுப் பிழைத்தது.

பிழைத்ததற்குக் கொடுத்த விலை பெரிது. பட்டைச் சாறு மண்ணிற் கலந்து அழுகி மறையும். குரோம் உப்பு மறைவதன்று. கழிவுநீர் நிலத்துள் இறங்கவே, கிணறுகளை நம்பிய சீமையில் கிணறுகளே கெட்டன. தென்னை வாடிற்று, குடிக்க நீரின்றிச் சிற்றூரார் வருந்தினர். வேலூர்க் குடிமக்கள் நலமன்றத்தார் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தனர். மாசு செய்தவனே அதைத் தீர்க்கும் செலவையும், நட்டமடைந்தார்க்கு ஈட்டையும் தரக்கடவன் என்பது அத்தீர்ப்பின் சாரம். அதில் திண்டுக்கல் ஜில்லாத் தோல் ஷாப்புகளும் அடங்கின. ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் செலுத்த வேண்டியதாயிற்று. கிணற்று நீரை விற்றுத் தோலை வாங்கினோம் என்று கூறினும் தகும். ஒரு தொழிலின் வரவு செலவை எழுதுங்கால் ஊர்ப்பொதுவான நீரையும் செலவுப் பக்கத்தில் எழுதவேண்டும் என்ற பாடத்தை நம் சீமை மிகுந்த துன்பத்துடன் கற்றது.

பூட்டு

இனித் திண்டுக்கல் என்றவுடன் தமிழர் நாவில் வரும் பூட்டுக்கு வருவோம். புகையிலை நிலத்தினால் வந்தது. தோல் ஆட்டுமந்தையினாலும் ஆவாரையினாலும் வந்தது. பூட்டுக்கு அங்ஙனம் ஒரு நிலக்காரணம் காட்டுதல் அரிது. இரும்புத் தகடும் பித்தளையும் ரயிலிலேறி எவ்வூர்க்கும் செல்வன. இவ்வூரில் பூட்டு நிலைத்தது கைத்திறத்தால் மாத்திரமே. இத்தொழிலை இங்கே தொடங்கியவர் சங்கரலிங்காச்சாரி சகோதரர்கள் என்று வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. ஒரு பட்டறையில் கற்றவர் தமக்கெனத் தனிப்பட்டறை வைத்தனர். அவரிடம் மற்றொருவர் கற்றார். கொல்லர், கன்னார் குடும்பங்களில் தொடங்கிய வேலை நாளடைவில் பலவகுப்பார்க்கும் உரியதாய், நகரைச் சூழ்ந்த சிற்றூர்களின் திண்ணைகளிலும் பரவிற்று.

திண்டுக்கல் பூட்டின் உள்ளமைப்பைச் சிறிது விளக்குவோம். பூட்டினுள் மெல்லிய தகடுகள் சில ஒன்றன்மேல் ஒன்றாய் நிற்கும். இவற்றை லீவர் என்பர். ஒவ்வொரு லீவரிலும் ஒரு வெட்டுவாய் உண்டு. சாவியைத் திருப்புங்கால் அதன் பற்கள் ஒவ்வொரு லீவரையும் அதற்குரிய உயரத்திற்குத் தூக்கும். எல்லா வெட்டுவாய்களும் ஒரே நேரில் வந்தாலன்றித் தாழ் நகராது. ஒன்று மயிரிழை குறைந்தாலும் பூட்டுத் திறவாது, கூடினாலும் திறவாது. லீவர்கள் மிகமிகக் கள்ளச்சாவி செய்தல் அரிதாகும். இவ்வளவையும் அரத்தாலும் கண்ணாலும் காதாலுமே பொருத்துவது நம் தொழிலாளர் வழக்கம். தாழ் விழும் ஓசையைக் கேட்டே எந்த லீவர் பிழைபட்டதென்று கூறவல்லார் இருந்தனர்.

மாங்காய் வடிவினதாகிய மாங்காய்ப் பூட்டு, திறக்குங்கால் மணியடிக்கும் மணிப்பூட்டு, கதவோடு பொருந்தும் கதவுப் பூட்டு, அலமாரிப் பூட்டு, தவறான சாவியை உள்ளே பற்றிக்கொண்டு விடாத தந்திரப் பூட்டு என இதன் வகைகள் பல. கோயில் உண்டியல்களிலும், வாணிகர் பெட்டிகளிலும், செல்வர் வீட்டுப் பெருங்கதவுகளிலும் இவை தொங்கின. கேட்பார் கேட்ட கதவுக்கு அளந்து செய்து கொடுப்பதே இதன் தனிச்சிறப்பு. ஒரு பூட்டைப்போல் மற்றொன்று இராது; அதுவே அதன் காவல்.

எனினும் தொழிலாளி வீட்டில் செல்வம் சேர்ந்ததில்லை. தகட்டையும் பித்தளையையும் வணிகர் கொடுப்பர். தொழிலாளி தன் வீட்டிற்செய்து துண்டுக்கூலி பெறுவான். உறை அடிப்பவன் ஒருவன், லீவர் வெட்டுபவன் ஒருவன், சாவி அராவுபவன் ஒருவன், மெருகேற்றுபவன் ஒருவன். வீட்டுப் பெண்டிரும் இவ்வேலைகளிற் பங்குகொள்வர். அவர் பெயர் கூலிக் கணக்கில் ஏறுவது அரிது. இக்குறையை நீக்கவே சுதந்திரத்திற்குப்பின் பூட்டு, ஹார்டுவேர், இரும்பு மரச்சாமான் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று திண்டுக்கல்லில் தோன்றிற்று. சர்க்கார் ஆபீஸ்களும் பொது நிலையங்களும் வாங்கும் பூட்டுகளால் அச்சங்கத்தார்க்கு வேலை கிடைத்தது.

பிறநாட்டுப் பூட்டூர்கள்

நம் தொழிலைப் பிறர் தொழிலோடு ஒப்பிட்டாலன்றி உண்மை விளங்காது. இங்கிலாந்தில் உல்வர்ஹாம்டனை அடுத்த வில்லன்ஹால் என்னும் சிற்றூர் பூட்டுக்குப் பேர்போனது. அங்கும் சிறு பட்டறைகளே, குடும்பமே தொழிற்சாலை. சிறுவயது முதல் மேசைமேற் குனிந்து அராவியதால் பலர்க்கு முதுகு கூனிற்று. அதுபற்றி அவ்வூரைக் கூனூர் என்று பொருள்படப் பரிகசித்தும் அழைத்தனர். லீவர்ப் பூட்டுக்கு பாரன் என்பவர் 1778ஆம் ஆண்டிலும், பிராமா தம் புதுவகைப் பூட்டுக்கு 1784ஆம் ஆண்டிலும், சப் தம் பூட்டுக்கு 1818ஆம் ஆண்டிலும் உரிமை பெற்றனர். திறக்கவொண்ணாதன என்று செருக்கியிருந்த அப்பூட்டுகளை 1851ஆம் ஆண்டு லண்டன் மகா கண்காட்சியின்போது ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் சாவியின்றித் திறந்து காட்டினார். ஆங்கிலேயர் வெட்கினர், வெட்கத்தோடு நில்லாது பூட்டுகளைத் திருத்தவும் முனைந்தனர்.

அதனினும் பெரிய மாறுதல் 1861ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய இளைய லைனஸ் யேல் உரிமை பெற்ற ஊசிப்பூட்டினால் வந்தது. இதிற் கருதத்தக்கது அதன் வலிமை மாத்திரமன்று. அதன் சாவி சிறியது, தட்டையானது. அதன் உறுப்புகள் யாவும் யந்திரத்தில் ஒரே அளவாய் ஆயிரக்கணக்கில் வெட்டத்தக்கவை. வேறுபாடு வேண்டுமாயின் ஊசிகளின் நீளத்தை மாற்றினால் போதும். அஃதாவது, கைவல்லானின் கண்ணிலும் காதிலும் இருந்த அறிவு யந்திரத்தின் அளவினுள் புகுந்தது.

நம் நாட்டிலேயே வடக்கே அலிகாரில் 1870ஆம் ஆண்டில் ஜான்ஸன் கம்பெனியார் சீமைப்பூட்டுகளை வரவழைத்து விற்கத் தொடங்கி, 1890ஆம் ஆண்டளவில் அங்கேயே செய்யலாயினர். பின்னர் ஊர்முழுதும் அத்தொழில் பரவி, அச்சுக்களும் அழுத்தப் பொறிகளும் மிகுந்து, விலை மலிந்தது. பம்பாயில் 1897ஆம் ஆண்டில் ஆர்தேஷிர் கோத்ரெஜ் பூட்டுத் தொழிலைத் தொடங்கிப் பெருந்தொழிற்சாலையாக்கினார். ஆகவே திண்டுக்கல் தொழிலாளி ஒரு மாங்காய்ப் பூட்டை அராவி முடிப்பதற்குள் அலிகாரில் எத்தனையோ பூட்டுகள் பெட்டியேறின. பிற்காலத்தில் சீனச் சரக்கும் சேர்ந்தது. பெருங்கதவு வைத்த வீடுகளும் குறைந்தன. இளைஞர் நூற்பாலைகளுக்கும் திருப்பூருக்கும் சென்றனர். இப்பொழுது முழுப்பூட்டையும் கையால் செய்யவல்லார் சிலரே. அச்சிலரிலும் முதியவரே மிகுதி.

2019ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பிறவூரில் செய்த பூட்டை இப்பெயரால் விற்றலாகாது என்னும் சட்டப் பாதுகாப்பு இதனால் உண்டு. மகிழத்தக்கதே. ஆயினும் பெயரைக் காக்கும் சட்டம் கையைக் காவாது. செய்யும் கைகள் ஒழிந்தபின் பெயர் பத்திரமாயிருந்து யாது பயன்?

நெசவும் நூலும்

பிற தொழில்களையும் ஒருவாறு குறித்துச் செல்வோம். சின்னாளபட்டி நெசவாளர் பட்டுக்கும் பருத்திக்கும் இடையே செயற்கைப் பட்டிழையை ஏற்று, ஏழை வீட்டுப் பெண்களும் உடுக்கத்தக்க சேலைகளை நெய்து பேர்பெற்றனர். புது இழையைப் பகையென்று தள்ளாது தறியிலேற்றிக் கொண்டது அவர்தம் மதிநுட்பம். அதனருகே 1947ஆம் ஆண்டில் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவினர். 1956ஆம் ஆண்டில் அங்கே கிராமியக் கல்வி நிலையம் அமைந்தது. வேடசந்தூர்ப் பக்கம் இன்று நூற்பாலைகள் மிகுந்துள. மாதச் சம்பளம் தரும் அவ்வாலைகள் பல குடும்பங்களைக் காத்தன. அதேசமயம் பட்டறைகளினின்று இளைஞரை அழைத்துக்கொண்டன.

ஆராய்ந்து கண்டது

இச்செய்திகளைத் தொகுத்து நோக்குவோம். ஓரூரில் ஒரு தொழில் நிலைப்பதேன் என்பதை ஆங்கில அறிஞர் ஆல்பிரட் மார்ஷல் 1890ஆம் ஆண்டில் வெளியிட்ட பொருளாதார நூலில் ஆராய்ந்துளார். தேர்ந்த தொழிலாளர் ஓரிடத்தில் கிடைத்தல், துணைத்தொழில்கள் சுற்றிலும் முளைத்தல், தொழிலறிவு அண்டை வீட்டாரிடையே தானே பரவுதல் ஆகிய மூன்றும் அவர் கூறிய காரணங்கள். திண்டுக்கல் பூட்டுக்கு இம்மூன்றும் இருந்தன. அங்ஙனமாயின் ஏன் தேய்ந்தது?

எமக்குத் தோன்றுவது இது. சுருட்டை வென்றது வேறொரு சுருட்டன்று, சிகரெட்டு. ஆவாரம்பட்டையை வென்றது வேறொரு பட்டை மாத்திரமன்று, குரோம் உப்பு. லீவர்ப் பூட்டை நெருக்கியது அதனினும் நல்ல கைப்பூட்டன்று. யந்திரத்திற்கென்றே அமைந்த பூட்டு. அண்டை வீட்டாரிடமிருந்து பரவும் அறிவு, உள்ள வேலையைச் செம்மையாகச் செய்யக் கற்பிக்கும். வேலையே மாறிவருகிறதென்று எச்சரிக்காது. அவ்வெச்சரிக்கை தூரத்தினின்று வரவேண்டும். பள்ளி, ஆராய்ச்சிச்சாலை, பத்திரிகை, பிறவூர் சென்று திரும்பிய இளைஞன் ஆகியோரே அதனைக் கொணர்வோர்.

தோலுக்கு அடையாறு இருந்தது, கற்றது, பிழைத்தது. புகையிலைக்கு வேடசந்தூர் இருந்தது. ஆயின் பொருளே உலகத்தாரால் கைவிடப்பட்டது. பூட்டோ கைவிடப்பட்ட பொருளன்று. உலகில் கதவுள்ளவரை பூட்டுண்டு. அதற்கு அடையாறு போன்றதொரு பெரும் ஆராய்ச்சிச்சாலை இந்நகரில் அமையவில்லை என்பதே குறை. அதனோடு நம்மவர் குறையும் ஒன்றுண்டு. அதனை மறைத்தல் தகாது. தொழில் மர்மத்தை மகனுக்கன்றிப் பிறர்க்குச் சொல்லாத வழக்கம் பட்டறைகள் பலவற்றில் இருந்தது. மகளுக்கும் சொல்வதில்லை, மருமகனுக்கும் சொல்வதில்லை. மகன் மில்லுக்குப் போனால் தந்தையோடு அவ்வித்தையும் சுடுகாட்டிற்குப் போயிற்று. பிறர் வீட்டுப் பெட்டிகளைப் பூட்டிக்கொடுத்தவர் தம் அறிவையும் பூட்டிவைத்துச் சாவியை இழந்தனர்.

செய்யத்தக்கன

ஆதலின், நம் சங்கத்தாரும் குடும்பத்தாரும் செய்யத்தக்கன சிலவற்றை விண்ணப்பித்துக் கொள்கின்றோம்.

முதலாவது, முதிய தொழிலாளர் இருக்கும்போதே அவர்தம் வேலையைப் படமாகவும் எழுத்தாகவும் பதிந்து வைத்தல் வேண்டும். இன்ன பூட்டில் இத்தனை லீவர், இன்ன அளவு, இன்ன வரிசை என்று வரையத் தெரிந்த இளைஞர் நம் வீடுகளில் இன்று பலர் உளர். பொறியியல் கற்கும் பிள்ளை விடுமுறையில் தாத்தாவின் பட்டறையில் ஒரு மாதம் அமர்ந்தால், இருவர்க்கும் லாபம்.

இரண்டாவது, கற்பிக்கும் முதியவர்க்கு ஊதியம் தருதல் வேண்டும். கற்பவர்க்கு உதவித்தொகை தரும் நம் வழக்கம் நன்றே. கற்பிப்பவர் பட்டினி கிடந்தால் வித்தை எங்ஙனம் நிலைக்கும்? மாணவர் எவ்வகுப்பினராயினும், ஆணாயினும் பெண்ணாயினும், விரும்பி வந்தவர்க்குக் கற்பித்தல் கடன். நம் குலத்தார் மாத்திரமே அறிந்த வித்தை, நம் குலத்தாரோடே அழியும்.

மூன்றாவது, மலிவில் அலிகாரோடு போட்டியிடுதல் வீண். அளந்து செய்து கொடுக்கும் வேலையில் நம் கை இன்னும் தாழ்ந்துவிடவில்லை. கோயில்களும், பழைய வீடுகளைப் புதுப்பிப்போரும், தனிப்பூட்டு வேண்டுவோரும் இருக்கின்றனர். அவரை நேரே சென்றடைந்து விற்றால், துண்டுக்கூலியாய்ப் போகும் பணத்தில் ஒரு பங்கு தொழிலாளி வீட்டில் தங்கும்.

நான்காவது, எப்புதுத்தொழிலைத் தொடங்கினும் கிணற்றை முதலில் நினைத்தல் வேண்டும். தோலினால் பெற்ற பாடத்தை மீண்டும் ஒருமுறை கற்க நம் நிலத்தில் நீரில்லை.

பிள்ளைகளைப் பட்டறைக்கு அனுப்புவதா, படிக்க அனுப்புவதா என்று முதலில் கேட்ட கேள்விக்கும் இங்கே விடையுண்டு. இரண்டையும் பிரித்ததே பிழை. படிப்பறியாத பட்டறை மாறுதலைக் காணாது. பட்டறையறியாத படிப்பு உத்தியோக விளம்பரங்களையே பார்த்திருக்கும். அரம் பிடித்த கையும் அளவு வரையும் கையும் ஒரே உடம்பில் அமைய வேண்டும். கூலி போதாத தொழிலில் பிள்ளையைக் கட்டிப்போடும்படி எந்தத் தந்தைக்கும் யாம் சொல்லோம். ஆனால் அவன் போகுமுன் அவ்வித்தையை அறிந்து போகட்டும் என்று சொல்வோம். கூலியை உயர்த்தும் வழியை அவனே ஒருநாள் கொண்டுவருதலும் கூடும்.

அகரத்தில் முத்தாலம்மன் திருவிழா ஐப்பசியில் நடைபெறுவதை நம் குடும்பத்தார் யாவரும் அறிவர். அம்மனின் திருவுருவை மண்ணாற் செய்து, கண் திறந்து, விழா முடிந்தபின் மண்ணோடு சேர்ப்பர். அடுத்த விழாவிற்கு மீண்டும் புதிதாய்ச் செய்வர். கல்லாற் செய்துவைத்தால் ஒருமுறை செய்தால் போதுமே என்று ஒருவரும் கேட்டதில்லை. செய்யும் கைகள் ஒவ்வொரு தலைமுறையிலும் இருப்பதனாலன்றோ அவ்விழா நிலைபெறுகிறது? தொழிலும் அத்தகையதே. பெட்டியில் வைத்துக் காக்கும் பொருளாகாது. ஆண்டுதோறும் புதிய கை ஒன்று கற்றுக்கொண்டால் அது நிற்கும். அக்கைகளைத் தேடித் தருவது நம் சங்கத்தாரின் கடமையாகுக.